கல்லாவுக்குக் கேட்கிற குரல்

என் வாழ்நாளில் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். செத்துப்போனவரைப் பற்றி இப்படியா ஆரம்பிப்பது என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துவிட்டுப் போங்கள். அவரோடு ஒரே கடையில் வேலை பார்த்தவள் நான். இந்த மனிதர் வாயைக் கொஞ்சம் மூடினால் என்ன குடிமுழுகிவிடும் என்று மாவாட்டிக்கொண்டே எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். அந்தக் கோபம் இப்போதும் இருக்கிறது. ஆனால் ஆள் மாறிவிட்டது. வாயைத் திறந்திருக்க வேண்டிய ஒருவன் கடைசிவரை திறக்கவில்லை. அவன் மேல்தான் இப்போது முழுக் கோபமும்.

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்த பிறகு நடந்த கதை இது. காஜா பேராங் சடக்கில், ரோட்டைத்தான் நாங்கள் சடக்கு என்போம், ஒரு சாப்பாட்டுக்கடை. தகரக் கூரை, பலகைச் சுவர், பெஞ்சு போட்ட சில மேசைகள். வாசலோரம் கல்லாப் பெட்டியை அணைத்தபடி முதலாளி உட்கார்ந்திருப்பார். பின்கட்டில் முதலாளியின் மச்சினர் சமைப்பார். மாவாட்ட, தேங்காய் துருவ, பாத்திரம் கழுவ நான். என் புருஷன் சண்டை தொடங்கிய நேரத்தில் சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போனவர், திரும்பவில்லை. வயிறு ஒன்று இருக்கிறதே, அதற்காக வந்தேன். முன்கட்டில் பரிமாற இரண்டு பேர். ஒருவர் நான் சொல்ல வந்த இவர், நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு நிற்பார். மற்றவன் புக்கிட் பாருவிலிருந்து நடந்து வருகிற இளவட்டம். புதிதாகக் கல்யாணமானவன்.

அப்போதெல்லாம் எங்கள் கடையில் சீட்டு எழுதிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. சாப்பிட்டவர் கை கழுவி எழுந்ததும், பரிமாறியவர் நின்ற இடத்திலிருந்தே கல்லாவுக்குக் கேட்கும்படி குரல் கொடுக்க வேண்டும். ஆள் யார், என்ன சாப்பிட்டார் என்று. பேர் தெரியாதவரை அடையாளம் சொல்லித்தானே ஆகவேண்டும்? மற்ற கடைகளில் ‘மொட்டை, தோசை ரெண்டு’, ‘நொண்டி, ரொட்டி ஒண்ணு’ என்று கூசாமல் கத்துவார்கள். இவர் வாயில் அப்படி ஒன்று வந்து நான் கேட்டதில்லை. தேடிப் பிடிப்பார். ‘பேனா வெச்ச ஐயா!’ ‘புதுச் செருப்பு!’ தலையில் ஒரு முடிகூட இல்லாத ஒருவரை ‘சிரிச்ச முகம்’ என்று அறிவித்துவிட்டார். அந்த ஆள் அதற்காகவே தினமும் பசியாற வந்தார். வந்த பாவத்துக்குச் சாப்பிட்டு முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

இதுவரை நல்ல குணம்தான். அடுத்தது கேளுங்கள். எதையும் அதன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அரிசி கண்ணில் படாத காலம். மரவள்ளி மாவில்தான் தோசை. சோளத்தைக் கருக்கி இடித்த தூளில்தான் கோப்பி. கடைக்குக் கடை அதைத் தோசை, கோப்பி என்றே விற்றார்கள். இவர் மட்டும் ‘பேனா வெச்ச ஐயா, மரவள்ளித் தோசை ரெண்டு, சோளக் கோப்பி ஒண்ணு!’ என்று சடக்குவரை கேட்கக் கூவுவார்.

‘ஏன்யா, ஊருக்கே தம்பட்டம் அடிக்கணுமா?’ என்று முதலாளி அடுப்படிக்கு வந்து தலையில் அடித்துக்கொள்வார்.

‘சாப்பிடறவருக்குத் தெரியாதாங்க? அவரு நாக்கு என்ன மரக்கட்டையா?’

சொல்லிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தட்டுகளை முழங்கைவரை அடுக்கிக்கொண்டு போவார். எனக்கும் மச்சினருக்கும் சிரிப்பாக இருக்கும்.

சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒரு காலைநேரம் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். ‘அரிசி இல்ல, எண்ணெய் இல்ல, யாவாரம் இப்படிக் கெடக்கு. மேசையில நிக்கறவங்க ரெண்டு பேருக்கும்தான் சாப்பிட வர்றவங்க கை நெறையக் குடுக்கறாங்களே. அதை நீங்களே வெச்சுக்குங்க. சாப்பாடு கடையில. இனிமே சம்பளம் கிடையாது.’

எனக்கும் மச்சினருக்கும் சம்பளம் நிற்கவில்லை. ஆட்டுக்கல்லுக்கு யார் இனாம் வைப்பார்கள்? நாங்கள் தப்பித்தோம்.

முதலாளி சொன்னதில் பாதி உண்மைதான். ஊர் பட்டினி கிடந்தாலும் கள்ளச் சந்தைக்காரர்களிடம் பணம் புரண்டது. ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்டு அச்சடித்த வெள்ளி நோட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வீசிவிட்டுப் போவார்கள். இளவட்டம் முதல் வாரமே வாயெல்லாம் பல்லாகிவிட்டான். ‘சம்பளத்தைவிட இது மேலண்ணே!’

இவர் அதற்கு மசியவில்லை. முதலாளியிடமே போய் நின்றார். ‘அவங்க குடுக்கறது அவங்க இஷ்டம்ங்க. இன்னைக்குக் குடுப்பாங்க, நாளைக்கு மூஞ்சிய திருப்பிக்குவாங்க. நான் வேலை செய்யறது உங்களுக்கு. நீங்கதான் குடுக்கணும்.’

‘பிடிக்கலேன்னா போயேன்யா! நானா கையப் பிடிச்சு இழுத்தேன்?’

எங்கே போவது? வெளியே ஜப்பான்காரன் லாரி நின்றது. சும்மா திரிகிற ஆண்பிள்ளைகளைப் பாசார் சந்தையிலும் சடக்கிலும் பிடித்து ஏற்றி, சயாமில் ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். செமாபோக்கில் மீன் வாங்கப் போனவன் மீன் பையோடு லாரி ஏறிய கதையெல்லாம் உண்டு. போனவன் யாரும் திரும்பிவந்ததாகத் தகவல் இல்லை. ‘இவன் என் ஆள், என் கடையில் வேலை பார்க்கிறான்’ என்று ஒரு முதலாளி சொன்னால் அநேகமாக விட்டுவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அன்றைக்கு ஆண்பிள்ளைகளின் உயிர் இருந்தது.

இவர் அதை எங்களுக்கெல்லாம் முன்பே யோசித்துவிட்டார். கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக் கொடுக்கும்போது என்னிடம் சொன்னார்: ‘சம்பளம் குடுக்கறவந்தான் தங்கச்சி, என் ஆளுன்னு சொல்லுவான். காசு குடுக்காதவனுக்கு நான் யாரு? வழியில போறவன்.’

‘நீங்க ரொம்ப யோசிக்கறீங்கண்ணே. முதலாளி அப்படியெல்லாம் விடமாட்டாரு.’

‘விடாம இருக்கணும்ல, அதுக்குத்தான் சொல்றேன்.’

மறுநாளிலிருந்து புதிதாக ஒன்று ஆரம்பித்தார். இனாமாக வந்த நோட்டைச் சட்டைப் பையில் போடமாட்டார். கல்லாவுக்கு எடுத்துப்போய் முதலாளி முன்னால் வைத்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கக் குரல் கொடுப்பார். ‘பேனா வெச்ச ஐயா, மரவள்ளித் தோசை ரெண்டு! அதுக்குமேல அவரு குடுத்தது ஒரு வெள்ளி, முதலாளி எனக்குக் குடுக்க வேண்டிய சம்பளத்துல சேருது!’

பேனா வைத்த ஐயா திரும்பிப் பார்த்தார். தான் அன்பாகக் கொடுத்த காசு யாருடைய கடனை அடைக்கப் போகிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலாளி முகம் வேகாத மரவள்ளி மாதிரி வெளுத்துப்போயிற்று. திட்ட முடியவில்லை, கடை நிறைய ஆள். இது தினமும் நடந்தது. மேசைக்கு மேசை, ஆளுக்கு ஆள். எனக்குப் பின்கட்டில் தலைவலி வந்துவிடும்.

இனாம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதையும் அந்தக் கடையில்தான் பார்த்தேன். அந்த இளவட்டம் நல்ல பையன்தான். முன்பெல்லாம் தோட்டத்தில் பால் எடுக்கக் கித்தா மரம், ரப்பர் மரம்தான், சீவிவிட்டு வருகிற பெண்களுக்கு முதலில் தண்ணீர் வைப்பான். இப்போது அவர்கள் உட்கார்ந்தே கிடப்பார்கள். இவன் கண்ணெல்லாம் வாசலில், எந்தப் பணக்காரன் வருகிறான் என்று. ஜப்பான்காரனுக்குக் கோழியும் கிழங்கும் சேர்த்துக் கொடுக்கிற ஒரு காண்ட்ராக்டர் வருவார். வெள்ளைச் சட்டை, கையில் மோதிரம். ஒருநாள் அவர் நோட்டை நீட்டிவிட்டு வேண்டுமென்றே கீழே விட்டார்.

‘ஜப்பான் சிப்பாய்க்குக் குனியற மாதிரி எனக்கும் ஒருதரம் குனிடா பாக்கலாம். அப்பறம் எடுத்துக்கோ.’

பையன் சிரித்துக்கொண்டே குனிந்தான். மேசையிலிருந்த கூட்டாளிகளும் சிரித்தார்கள். அவன் கை நோட்டைத் தொடுவதற்குள் இவர் வந்து எடுத்துவிட்டார். தூசியைத் துடைத்தார். நிமிர்ந்து நின்று குரல் கொடுத்தார்.

‘வெள்ளைச் சட்டை, கோழி வறுவல் ஒண்ணு, மரவள்ளித் தோசை நாலு! தம்பி குனிஞ்சதுக்கு அஞ்சு வெள்ளி, அது தனி!’

காண்ட்ராக்டர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். முதலாளி இவரைப் பிடித்து உலுக்கினார். அதைவிடக் கொடுமை, அந்தப் பையனே பின்கட்டில் நின்று அழுதான். ‘என் பொழப்புல ஏண்ணே மண்ண போடறீங்க? என் பொஞ்சாதி உண்டாயிருக்கா. குனிஞ்சா என்ன தேஞ்சா போயிடுவேன்?’

‘உனக்கு மாசாமாசம் சம்பளம் வந்திருந்தா குனிஞ்சிருப்பியா?’

பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போய்விட்டான். நான்கூட அன்றைக்கு இவர்மேல்தான் எரிந்து விழுந்தேன். பசித்தவனிடம் போய் மானத்தைப் பேசுகிறாரே என்று இருந்தது.

மாதக் கடைசியில் இன்னொரு கூத்து. அதுவரை கல்லாவில் சேர்த்த நோட்டையெல்லாம் முதலாளி எடுத்து நீட்டினார். ‘இந்தாய்யா, உன் இனாம்.’

இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ‘அது என்ன காசுங்க?’

‘உன் காசுதான்யா, பிடி.’

‘என்ன காசுன்னு சொல்லுங்க, வாங்கிக்கறேன்.’

பசியாற வந்தவர்களெல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலாளி நோட்டோடு கையை நீட்டியபடியே எவ்வளவு நேரம்தான் இருப்பார்? கடைசியில் கத்தினார்: ‘சம்பளம்யா, சம்பளம்! எடுத்துத் தொலை!’

இவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் மேசையில் உட்கார்ந்திருந்த செட்டி ஒருவர் என்ன சண்டை என்று கேட்டார். காஜா பேராங் செட்டிகள் நம்மைப் போலவே திருநீறு பூசுவார்கள், கோயிலுக்குப் போவார்கள், பேச்சு மட்டும் மலாய். இவர் அவருக்குப் புரியும்படி ‘காஜி’ என்றார். மலாயில் சம்பளம். செட்டியார் தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் இதே கூத்துதான். ஒவ்வொரு மாதமும் முதலாளி வாயிலிருந்து அந்த வார்த்தையைப் பிடுங்காமல் இவர் காசைத் தொடவில்லை. தன் காசைத் தானே வாங்க இப்படி ஒரு அடமா என்று நான் கேட்டேன். எனக்கு அது வெறும் வீம்பாகத்தான் பட்டது.

லாரி எங்கள் கடைக்கே வந்தது ஒரு மத்தியானம். ஜப்பான் அதிகாரி ஒருவன், துப்பாக்கியோடு சிப்பாய்கள், பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு தமிழ்க் கிராணி, ஏதோ ஆபீஸ் குமாஸ்தா. சும்மா திரிகிற ஆள் தீர்ந்துவிட்டான்போல. வேலையாட்கள் வைத்திருக்கிற கடைக்காரன் அவர்களில் ஒருவனைத் தரவேண்டும் என்று புது உத்தரவு. ஒன்றிரண்டு பேர் மட்டும் இருந்தால் விட்டுவிடுவார்களாம். இதை முதலாளி முந்தின நாளே கேள்விப்பட்டிருக்கிறார். மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்திருக்கிறார்.

‘உங்க கடையில எத்தனை வேலையாளு?’ என்று கிராணி கேட்டார்.

‘ரெண்டே பேருங்க. சமையலுக்கு என் மச்சான், மாவாட்ட ஒரு பொம்பளை.’

‘இவங்க?’ கிராணி மேசையருகே தட்டோடு நின்ற இரண்டு பேரையும் காட்டினார்.

‘இவங்க என் வேலையாளுங்க இல்ல. நான் சம்பளம் குடுக்கறதில்ல. சாப்பிட வர்றவங்க குடுக்கற இனாம வெச்சுப் பொழைக்கறாங்க.’

இரண்டு பேரைக் குறைத்துச் சொன்னால் யாரையும் தரவேண்டியதில்லை, நாளைக்கும் கடை வழக்கம்போல நடக்கும். அதுதான் முதலாளி போட்ட கணக்கு. கிராணி அதை மாற்றிச் சொன்னார். அதிகாரிக்கு அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. சம்பளம் இல்லாதவனா? அப்படியானால் வேலை இல்லாதவன். கையை அசைத்தான். சிப்பாய்கள் இரண்டு பேர் கையிலிருந்தும் தட்டைப் பிடுங்கினார்கள்.

நான் மாவுக் கையோடு ஓடிவந்தேன். ‘பொய்ங்க! சம்பளம் வாங்கறவங்க, மாசாமாசம் வாங்கறாங்க!’ என்று கத்தினேன். முதல் மேசைச் செட்டியார் எழுந்து நின்றார். வயதான மனிதர். இந்த ஆள் காஜி வாங்குகிறவர், என் காதால் கேட்டேன் என்று மலாயில் சொன்னார். பேனா வைத்த ஐயா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்த முகத்தில் சிரிப்பு இல்லை. இவர் இனிமையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்ட அத்தனை பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேர் வைக்கப்படாத செட்டியார்தான் எழுந்தார்.

அதிகாரி யோசித்தான். கிராணி முதலாளியிடம் திரும்பி மறுபடியும் கேட்டார். அவர் கண்ணிலேயே ஒரு கெஞ்சல் இருந்தது. ‘நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சம்பளம் குடுக்கறீங்களா, இல்லையா?’

‘ஒரே ஒரு வார்த்தைதான் முதலாளி,’ என்றார் இவர். குரலை உயர்த்தவே இல்லை. ‘மாசாமாசம் சொல்றதுதானே.’

முதலாளிக்கு இப்போது புரிந்துவிட்டது. இரண்டு பேரும் போகப்போகிறார்கள். ஆனால் ஆமாம் என்றால் முன்னே சொன்னது பொய்யாகும், ஜப்பான்காரன் முன்னால் பொய் சொன்னவனுக்கு என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். கல்லாப் பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டே, ‘இல்லீங்க’ என்றார்.

இளவட்டம் கதறியதை நான் எழுத விரும்பவில்லை. இவர் கழுத்துப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு லாரியில் ஏறினார். ‘தங்கச்சி, வீட்டுல அண்ணிகிட்ட நீயே போய்ச் சொல்லிடு. வேற யாரும் சொல்லிக் கேக்க வேணாம்,’ என்றார். அவ்வளவுதான். லாரி செங் ஊர்ப் பக்கம் திரும்பிப் போயிற்று.

அன்று சாயங்காலமே முதலாளி அடுப்படிக்கு வந்தார். முன்கட்டில் நிற்க ஆள் இல்லை, நீ நில்லம்மா, வர்ற இனாமெல்லாம் உனக்கே என்றார். ஆட்டுக்கல்லில் இருந்த மாவை அள்ளி அவர் கல்லாவில் அப்பிவிட்டு வெளியே வந்தேன். புக்கிட் பாருவில் ஒரு குடும்பத்தோடு சேர்ந்து மரவள்ளி நட்டேன். சண்டை முடியும்வரை அதுதான் சோறு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தட்டுக்குப் பக்கத்தில் காசு வைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனசோடுதான் வைத்தார்கள். அந்த நல்ல மனசைக் காட்டித் தன் கடமையைக் கழற்றிவிட்டானே ஒருவன், அவனைச் சொல்கிறேன். சம்பளத்தை நிறுத்தியபோது அவன் மிச்சம் பிடித்தது சில்லறை என்று நாங்கள் நினைத்தோம். அவன் கழற்றிவிட்டது இரண்டு மனிதர்களை.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, சயாமிலிருந்து மிஞ்சியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். இளவட்டம் வந்தான். கணுக்காலில் ஆறாத புண், எலும்புக்கு மேல் தோல். மழைக்காலத்தில் பேதி கண்டு இவர் போய்விட்டதாக அவன்தான் அண்ணியிடம் சொன்னான். அண்ணி அழுது ஓய்ந்த பிறகு, ஒருநாள் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். லாரி வந்தது மாதக் கடைசிக்கு முன்னால். அந்த மாதத்துச் சம்பளம் பாக்கி இருந்தது.

முதலாளி எங்களைப் பார்த்ததும் எழுந்தார். உட்காரச் சொன்னார். பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். எல்லாம் வாழைமர நோட்டு. வெள்ளைக்காரன் வந்த அன்றே செல்லாது என்று அறிவித்த நோட்டு. குழந்தைகள் தெருவில் கடை வைத்து விளையாடிக்கொண்டிருந்தன அதை வைத்து.

‘எடுத்துக்கம்மா,’ என்றார் உருக்கமாக. ‘உன் வீட்டுக்காரரோட சம்பளம். நான் குடுக்க வேண்டியது.’

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இப்போது அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள், பிடுங்க வேண்டியதே இல்லை.

அண்ணி கட்டைத் தொடவில்லை. ‘அன்னைக்கு ஏன் சொல்லலீங்க?’

‘சொல்லியிருந்தா ஒருத்தனைக் குடுக்கணுமேம்மா.’

‘அதுக்குத்தான் ரெண்டு பேரைக் குடுத்தீங்களா?’

முதலாளி கட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார். அப்போதுதான் முன்கட்டில் தட்டோடு நிற்கிறவனைப் பார்த்தோம். காலில் துணி சுற்றியிருந்தது. புக்கிட் பாரு இளவட்டமேதான். வேறெங்கே போவான், வீட்டில் பிள்ளை இருக்கிறது. அண்ணி அவனிடம் போனாள்.

‘தம்பி, உனக்காவது இவரு சம்பளம் குடுக்கறாரா?’

அவன் அவளைப் பார்க்கவில்லை. முதலாளியின் முகத்தைப் பார்த்தான், என்ன சொல்லச் சொல்கிறார் என்று.